மூணு பேஸும் மூணு பீஸும்

1. கேட்டுட்டுத்தான் மாட்டுனோம்

பேஸ் வேறு, பீஸ் வேறு. தெருக் கம்பத்தில் கரண்ட் கொண்டு வரும் லைன் ஒவ்வொன்றும் ஒரு பேஸ். அந்த லைன் வீட்டுக்குள் வந்ததும், கோளாறு நேர்ந்தால் தான் உருகி நம்மைக் காப்பாற்றுகிற மெல்லிய கம்பி இருக்கிறதே, அதுதான் பீஸ். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த ஒரு மூச்சைச் செலவழிக்க ஒருத்தருக்கும் மனமில்லாததால் ஒரு தச்சர் கையை இழக்கப் பார்த்தார். எண்பதுகளின் கடைசியில் நடந்த சங்கதி. இப்போது எழுத உட்கார்ந்தாலும் எனக்கு எரிச்சலாகத்தான் வருகிறது.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலெக்ட்ரிக்கல் செக்‌ஷனில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, வெளியே வந்து, கருகின மோட்டாருக்குப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை போட்டேன். வருவது பெரும்பாலும் கிணற்று மோட்டார்தான். மம்சாபுரம், கூமாப்பட்டிப் பக்கமிருந்து கருகிப்போன மோட்டாரை மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். அப்படி ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த மத்தியானத்தில்தான் ஜெபமணி என்கிற அம்மா வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். கையில் பை இல்லை, மோட்டாரும் இல்லை.

"அண்ணாச்சி, அறுவை மிஷினு ஒண்ணு பழசா வாங்கிருக்கோம். மோட்டாரு உறுமுது, சுத்த மாட்டேங்கு. செத்த வந்து பாக்கணும்."

அவருடைய வீட்டுக்காரர் அந்தோணிமுத்து. நிலை, கதவு, கட்டில் செய்கிற தச்சர். ஒரு வீட்டுக்குக் கூரைச் சட்டம் ஏற்றும்போது மேலிருந்து விழுந்து வலது தோள் இறங்கிவிட்டது. எலும்பைச் சேர்த்துக் கட்டினார்கள், ஆனால் ரம்பத்தை இழுக்கிற வலு திரும்பவில்லை. மரத்தைத் தள்ள முடியும், இழைக்க முடியும், அளந்து கோடு போட முடியும். அறுக்க மட்டும் முடியாது. அறுக்க முடியாத தச்சருக்கு ஊரில் என்ன வேலை இருக்கிறது? ஒரு மில்லின் ஒர்க்‌ஷாப்பை மூடினபோது ஏலத்துக்கு வந்த வட்ட ரம்ப மிஷினைப் புரோக்கர் ஒருவர் மூலமாக வாங்கி, வீட்டின் பின்கட்டில் தகரக் கொட்டகை போட்டு இறக்கியிருந்தார்கள். அது ஓடினால் அவர் மறுபடியும் தச்சர். ஓடாவிட்டால் வீட்டில் சும்மா உட்கார வேண்டியதுதான்.

மில் மிஷின் என்றதும் நான் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல த்ரீ பேஸ் இருக்காம்மா?"

"இருக்கு அண்ணாச்சி. மூணும் மாட்டியாச்சு."

மாட்டியாச்சு என்ற சொல் எனக்கு உறுத்தியது. பேஸ் என்பது மாட்டுகிற சாமான் இல்லை. "என்னத்தம்மா மாட்டுனீங்க?"

"மூணு பீஸு. வெள்ளைப் பீங்கான்ல, வரிசையா. கரண்ட் ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான் மாட்டுனோம்."

என்ன கேட்டார்கள், அங்கே என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அந்தோணிமுத்து ஆபீஸ் கவுண்ட்டரில் போய் நின்றிருக்கிறார். மில் மிஷினை வீட்டில் ஓட்ட என்ன செய்யணும் சார் என்று கேட்டிருக்கிறார். கவுண்ட்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமலே, "மூணு பேஸ் வேணும், இல்லாம ஓடாது" என்றிருக்கிறார். இவர் காதில் விழுந்தது பீஸ். விழாமல் என்ன செய்யும்? அவர் வாழ்நாளில் வீட்டில் இருட்டான போதெல்லாம் கேட்டது அந்த ஒரு சொல்லைத்தான்.

"அவிய விடலை அண்ணாச்சி. எந்த பீஸு சார், சின்னதா பெருசான்னு கேட்டாவ. அதுக்கு அந்த சாரு, 'மூணுய்யா, மூணு! காது கேக்கலியா'ன்னு சத்தம் போட்டாரு. பொறவு யாரு கேப்பா?"

எனக்குச் சுருக்கென்றது. சின்னதா பெரிதா என்று கேட்கிற மனிதனுக்கு வார்த்தையே தப்பாக விழுந்திருக்கிறது என்று தெரிய வேண்டாமா? அந்தப் புண்ணியவான் எண்ணிக்கையைத் திருத்தினார், வார்த்தையைத் திருத்தவில்லை. வீட்டு வயரிங் செய்கிற ஆள் ஒருத்தன் வந்தான். அவனாவது கேட்டானா? ஆபீஸில் சொன்னதாகச் சொன்னார்கள், மாட்டினேன் என்று மாட்டிவிட்டுப் போய்விட்டான். வீட்டுக்கு வருகிற ஒரே லைனை மூன்று பீஸ் கட்டை வழியாகப் பிரித்து, மூன்று வயராக மோட்டாருக்குக் கொடுத்திருந்தான். மூன்று வயரிலும் இருந்தது ஒரே பேஸ். ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் அசையவும் இல்லை, முனகவும் இல்லை.

2. சுத்துதுல்ல?

அதற்குப் பிறகுதான், இந்த மிஷினை வாங்கிக் கொடுத்த புரோக்கர் காசி உள்ளே வருகிறார். பழைய மிஷின்களை வாங்கி விற்கிறவர். மிஷின் ஓடவில்லை என்று இவர்கள் சொன்னதும் காசி ஒரு விளக்கம் கொடுத்தார். இது ஹை வோல்டேஜ் மிஷின், உங்கள் வீட்டில் வருவது லோ வோல்டேஜ், வோல்டேஜை ஏற்றுகிற ஸ்டெப்-அப் டப்பா ஒன்று போட்டால் சரியாகிவிடும்.

எங்கள் பக்கத்தில் லோ வோல்டேஜ் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பொழுது சாய்ந்தால் டியூப் லைட் கண்ணடிக்கும், டி.வி. படம் நாலு பக்கமும் சுருங்கும், வசதி உள்ளவர்கள் வீட்டில் ஸ்டெப்-அப் டப்பா ஒன்று உறுமிக்கொண்டிருக்கும். அதனால் காசி சொன்னதை இவர்கள் நம்பினார்கள். மில்லில் இருப்பது நானூத்தி நாற்பது வோல்ட் என்பது உண்மைதான். ஆனால் அது மூன்று லைனில் மாறி மாறி வருகிற நானூத்தி நாற்பது. காசி எங்கிருந்தோ பெரிய டப்பா ஒன்றைக் கொண்டுவந்து, வீட்டு இருநூத்தி முப்பதை நானூத்தி நாற்பதாக்கிக் கொடுத்தார். வோல்டேஜ் ஏறியது. பேஸ் ஒன்றுதான். இப்போது மோட்டார் உறுமியது, தெரு முழுக்க பல்பு மங்கியது, பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

"இப்ப காசி அண்ணன், கயிறு போட்டு இழுத்தா சுத்திரும்ங்காரு. ஆயில் எஞ்சினுக்கு இழுக்கமில்ல, அதே மாதிரியாம். இழுக்கலாமா அண்ணாச்சி?"

அதைக் கேட்கத்தான் அந்த அம்மா பஸ் ஏறி வந்திருந்தார். அத்தனை பேர் கை வைத்த மிஷினைப் பற்றித் தெரிந்த ஆளிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது அவருக்கு மட்டும்தான்.

"தாயி, ஸ்விட்சையே தொடக் கூடாது. காலையில மொத பஸ்ஸுல வாரேன்."

"காலையிலதான் மிஷின ஓட்டி ஆரம்பிக்கணும்னு சர்ச் உபதேசியார வரச் சொல்லி ஜெபம் வச்சிருக்கோம்."

"ஜெபம் நல்லா வைங்க. மிஷினைப் போடாதீங்க. அந்தோணிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க."

தலையாட்டிவிட்டுப் போனார். போனவர் சொன்னார் என்பதும், காசி அதைச் சிரித்தே தள்ளிவிட்டார் என்பதும் மறுநாள்தான் தெரிந்தது. "காயில் கட்டுதவருக்கு மோட்டாரு கருகுனாத்தானே பொழப்பு? அவரு அப்படித்தான் சொல்லுவாரு." இதுதான் காசி சொன்னது. எவன் எதைச் சொன்னாலும் அதில் அவனுக்கு என்ன லாபம் என்று மட்டும் பார்க்கிற புத்தி இருக்கிறதே, அதற்கு என்ன மருந்து?

3. மூணில் எது?

நான் போய்ச் சேர்ந்தபோது ஜெபம் முடிந்து உபதேசியார் காபி குடித்துக்கொண்டிருந்தார். கொட்டகையில் தெருவே நின்றது. மிஷினுக்கு மாலை போட்டிருந்தது. மேஜை மேல் ஒரு பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது. கிறிஸ்தவ வீட்டில் பூசணிக்காய் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், காசி கொண்டுவந்தது. எந்தச் சாமி கும்பிட்டாலும் திருஷ்டி திருஷ்டிதானாம். முதல் அறுப்பு பூசணிக்காயாக இருக்க வேண்டுமாம். உபதேசியார் காணாதது போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போவதற்குள் காசி மோட்டார்ப் புல்லிச் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றிவிட்டார். அந்தப் புல்லியில் இரண்டு பள்ளம். ஒன்றில் ரம்பத்துக்குப் போகிற பெல்ட், சும்மா இருந்த இன்னொன்றில் கயிறு. ஸ்விட்சைப் போட்டார்கள். மோட்டார் உறுமியது. "இழுக்காதே!" என்று நான் போட்ட சத்தம் அந்த உறுமலில் யாருக்கும் கேட்கவில்லை. காசி இழுத்தார். மோட்டார் பிடித்துக்கொண்டு வேகமெடுத்தது. ஜனம் கைதட்டியது.

"சுத்துதுல்ல? சுத்துதுல்ல?" என்று காசி நாலு பக்கமும் திரும்பித் திரும்பிக் கேட்டார்.

சுற்றியது. பின்பக்கமாகச் சுற்றியது. மூன்று பேஸ் மோட்டாருக்கு ஒரே பேஸைக் கொடுத்தால் தானாகக் கிளம்பாது. ஆனால் எந்தப் பக்கம் சுற்றிவிடுகிறோமோ அந்தப் பக்கம் ஓட ஆரம்பித்துவிடும். அதற்கு முன் எது பின் எது என்று தெரியாது. காசி கயிற்றைத் தன் கைவாக்கில் சுற்றினார், அது எதிர்ப்பக்கமாக இழுத்துவிட்டது. வட்ட ரம்பத்தின் பல் நம் பக்கத்தில் கீழ்நோக்கி இறங்க வேண்டும். அப்போதுதான் மரம் மேஜையில் அழுந்தி நிற்கும். அன்று பல் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

அந்தோணிமுத்து இரண்டு கையாலும் பூசணிக்காயைத் தள்ளினார். ரம்பம் அதை அறுக்கவில்லை. தூக்கியது. காய் அவர் கைக்குள்ளிருந்து பிடுங்கிக்கொண்டு எதிர்த் தகரத்தில் போய் மோதிச் சிதறியது. இழுத்த வேகத்தில் அவர் மேஜை மேல் குப்புறச் சாய்ந்து, இடது கையை ஊன்றி நின்றுவிட்டார். ஊன்றின இடத்துக்கும் ரம்பத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. தோள் வலுவில்லாததால் அவரால் சட்டென்று எழவும் முடியவில்லை. ஜெபமணி பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

நான் கரண்டை நிறுத்த ஓடினேன். மிஷின் ஸ்விட்ச் ஓடுகிற ரம்பத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. மெயின் ஸ்விட்ச் வீட்டின் முன்கட்டில், நடுவில் தெரு ஜனம் பூராவும் நிற்கிறது. கொட்டகைப் பலகையில் மூன்று பீஸ் கட்டை இருந்தது. முதலாவதைப் பிடுங்கினேன். ரம்பம் ஓடியது. இரண்டாவதைப் பிடுங்கினேன். ஓடியது. மூன்றாவதைப் பிடுங்கின பிறகுதான் நின்றது. அந்த மூன்றில் ஸ்டெப்-அப் டப்பாவுக்குப் போனது கடைசிக் கட்டை மட்டும். மற்ற இரண்டும் ஆபீஸில் கேட்ட வார்த்தைக்காக மாட்டிவைத்த அலங்காரம். ஆபத்து நேரத்தில் அந்த அலங்காரத்தைத்தான் முதலில் பிடுங்கிக்கொண்டு நின்றேன்.

அதற்குள் ஜெபமணி அந்தோணிமுத்துவை மேஜையை விட்டு இழுத்துத் தரையில் உட்கார வைத்திருந்தார். ரம்பம் முழுதாக நின்ற பிறகு, அதைப் பிடித்திருக்கிற நட்டில் கை வைத்தேன். அந்த நட்டின் மரை, ரம்பம் சரியான பக்கம் சுற்றச் சுற்ற இறுகும்படி வெட்டியிருக்கும். எதிர்ப்பக்கம் சுற்றினால் தளரும். ஸ்பேனர் தேவைப்படவில்லை. விரலால் திருகியே கழற்றி காசியின் உள்ளங்கையில் வைத்தேன்.

"என்ன இது?" என்று கேட்டேன்.

"நட்டு அண்ணாச்சி."

"இன்னும் செத்த நேரம் ஓடிருந்தா ரம்பம் கழண்டு வந்திருக்கும்லே. இம்புட்டு சனம் நிக்கிது. யாரு கழுத்துக்குப் போயிருக்கும்னு சொல்லு பாப்போம்."

காசி அப்போதும் விடவில்லை. "சுத்துச்சுல்ல அண்ணாச்சி? அடுத்த தடவ இந்தப் பக்கமாச் சுத்தி இழுத்தாச் சரியாப் போயிரும்."

அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். உபதேசியார் இருந்ததால் இறக்கிக்கொண்டேன். "ஏலே, டப்பாவத் தூக்கு. தூக்கிட்டு இந்தத் தெருவ விட்டுப் போ" என்றேன். போனார். போகும்போது மாலையையும் எடுத்துக்கொண்டு போனார்.

4. ராட்டினம்

அன்று மத்தியானம் வரை அந்தோணிமுத்து ஊன்றின கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, "பழைய இரும்புக்குப் போட்டுரலாம் அண்ணாச்சி. எனக்கு இதுக்கு மேல தெம்பில்ல" என்றார்.

எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. மிஷின் என்ன தப்புச் செய்தது? நன்றாகச் செய்த, கனமான, இன்னும் இருபது வருடம் உழைக்கக்கூடிய மிஷின். அதற்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேட்டேன். "திருவிழாவுல ராட்டினம் பாத்திருக்கீகளா? ஆளு நின்னு தள்ளுத ராட்டினம்?"

"பாத்திருக்கோம்."

"மூணு பேரு சுத்தி நின்னு, ஒருத்தன் தள்ளி முடிக்க அடுத்தவன் தள்ளுதான். தானாக் கிளம்பி ஒரே பக்கமாச் சுத்தும். அந்த மூணு பேருதான் மூணு பேஸு. ஒருத்தன் மட்டும் ஒரே எடத்துல நின்னு முன்னயும் பின்னயும் ஆட்டுனா?"

"ஆடும். சுத்தாது" என்றார் ஜெபமணி.

"அந்த ஆட்டம்தான் உறுமல். எவனாவது வந்து ஒரு தள்ளு தள்ளிவிட்டா?"

"தள்ளுன பக்கம் போவும்." ஜெபமணியே மேலும் சொன்னார். "அப்ப நாங்க என்ன செஞ்சிருக்கோம்? ஒரே ஆள மூணு வாசல் வழியா வரச் சொல்லிட்டு, மூணு பேரு வந்துட்டாவன்னு நெனச்சிருக்கோம்."

நான் மில்லில் எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். மூன்று பீஸ் கட்டையைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்தத் தெருவுக்கு மூன்று லைன் வரவில்லை. அடுத்த தெரு மாவு மில்லோடு நின்றுவிட்டது. அதை இழுத்து வருகிற செலவு அவர்களால் ஆகாது. அதனால் இப்படிச் செய்தேன். மிஷின் மோட்டாரைத் திறந்து பார்த்தால், உள்ளே மூன்று காயில், ஆறு முனை. அந்த மூன்றையும் நடுவில் ஒரே முடிச்சாகப் போடுகிற ஸ்டார் என்கிற முறையில் சேர்த்திருந்தார்கள். அப்படிச் சேர்த்தால் நானூத்தி நாற்பது வேண்டும். அதே ஆறு முனையை முக்கோணம் போலக் கோக்கிற டெல்டா முறையில் மாற்றிச் சேர்த்தால் வீட்டு இருநூத்தி முப்பதே போதும். அந்த ஸ்டெப்-அப் டப்பா ஆதியிலிருந்தே தேவையில்லை. இதையும் அவர்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

அடுத்து, என் கடையில் கிடந்த அதைவிடப் பெரிய மூன்று பேஸ் மோட்டார் ஒன்றை எடுத்து, அதையும் டெல்டாவுக்கு மாற்றி, கொட்டகை மூலையில் சிமெண்ட் வைத்துப் பதித்தேன். அதற்கு ரம்பமும் இல்லை, பெல்ட்டும் இல்லை. சும்மா ஓடுவதுதான் அதன் வேலை. ஃபேனில் இருக்கிற மாதிரி கன்டன்சர் ஒன்று வைத்து, எப்போது போட்டாலும் ஒரே பக்கமாகத் தானே கிளம்பும்படி செய்தேன். அது ஓட ஆரம்பித்துவிட்டால், வீட்டு லைன் கொடுக்காத மிச்ச பேஸை அது உண்டாக்கிக் கொடுக்கும். அதிலிருந்து மூன்று வயர் எடுத்து மிஷினுக்குக் கொடுத்தேன். ராட்டினம் தள்ள ஆள் போதாத இடத்தில், சுற்றிக்கொண்டிருக்கிற இன்னொரு ராட்டினத்தோடு இதைச் சேர்த்துக் கட்டின மாதிரி.

ரம்பத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் தண்டு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று அந்தோணிமுத்துவையே பார்க்கச் சொன்னேன். சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டுப் பார்த்தார். நிறுத்திப் போட்டு, நிறுத்திப் போட்டு, தன் மனசு ஒப்பும் வரை பார்த்தார். அதற்குப் பிறகுதான் ரம்பத்தை ஏற்றினோம். கூட்டம் இல்லை, மாலை இல்லை. ஒரு வேப்பம் பலகையைத் தள்ளினார். அது நடுவே போய் இரண்டாக விழுந்தது. இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டுத் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மரத்தூள் விழுந்துவிட்டது என்றார். கண்ணில் ஒன்றும் விழவில்லை என்று எனக்கும் ஜெபமணிக்கும் தெரியும்.

5. கவுண்ட்டர்

கொட்டகைக்குத் தனியாக ஒரு கனெக்‌ஷன் முறையாக எழுதி வாங்க வேண்டியிருந்தது. அவர்கள் இரண்டு பேரோடும் நானும் கூடப் போனேன். நானாகத்தான் போனேன், அந்தக் கவுண்ட்டர்காரரை ஒரு கை பார்க்க வேண்டும் என்று. பஸ்ஸில் போகும்போதே என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன்.

போனதும் ஆரம்பித்தேன். "சார், இவரு அன்னைக்கு ஒங்ககிட்ட வந்து கேட்டாரு. பேஸுன்னா என்னன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்? இவரு கை போயிருக்கும் சார்!"

அவர் முதலில் முறைத்தார். பிறகு பின்னால் திரும்பி யாராவது கேட்கிறார்களா என்று பார்த்தார். குரலை இறக்கிச் சொன்னார்.

"எனக்கே தெரியாதுங்க. நான் கணக்கு எழுதுற ஆளு. கொண்டாந்து இங்க உக்கார வச்சுட்டாங்க. மில் மிஷினு கேட்டு வந்தா மூணு பேஸ் வேணும்னு சொல்லி அனுப்புன்னாங்க. சொல்லி அனுப்புறேன். கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியாமத்தான் சத்தம் போடுறது."

யார் மேல் கோபப்படுவது? இவருக்குச் சொல்லாதவர் மேலா? அவருக்குச் சொல்லாதவர் மேலா? தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, காது கேட்கலியா என்று கத்துகிறோமே, அந்தப் பழக்கத்தின் மேல்தான் கோபப்பட வேண்டும். அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று போய்ச் சண்டை போடுவது? இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

நான் விளக்க ஆரம்பித்தேன். லைன், நியூட்ரல் என்று இரண்டு வார்த்தை சொன்னதுமே அவர் முகம் மூடிக்கொண்டது. ஜெபமணி என் முழங்கையைத் தொட்டு, "அண்ணாச்சி, செத்த இருங்க. ராட்டினத்த நான் சொல்லுதேன்" என்றார். கவுண்ட்டர் கம்பி வழியாகவே சொன்னார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், அவர் நிறுத்தவில்லை. முழுதும் கேட்டுவிட்டு அந்த மனிதர் தலையை ஆட்டி எங்கள் மனுவை வாங்கி வைத்துக்கொண்டார். காது கொடுத்துக் கேட்டாரா, எங்களை அனுப்பினால் போதும் என்று தலையாட்டினாரா என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பையன்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நீங்கள் சொன்ன வார்த்தை எதிரே நிற்கிறவர் காதில் என்னவாக விழுந்தது என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். உங்களுக்கே தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள். அதனால் யாருக்கும் கை போகாது.

சில மாதம் கழித்துக் கூமாப்பட்டியிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். முன்பின் தெரியாதவர். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வந்த வேகத்தில் கேட்டார்.

"அண்ணாச்சி, மாவு அரைக்கிற மிஷினு ஒண்ணு வாங்கலாம்னு ஸ்ரீவில்லிபுத்தூர் கரண்ட் ஆபீஸ்ல போயி விசாரிச்சேன். கவுண்ட்டர்ல இருக்கவரு என்னைய உக்கார வச்சு, திருவிழாவுல ராட்டினம் பாத்திருக்கியான்னு கேக்காரு. ஒரே ஆளு மூணு வாசல் வழியா வந்தா மூணு பேராயிருவானாய்யாங்காரு. வெவரமா ஒங்களக் கேக்கச் சொல்லி அனுப்புனாரு. அவருக்கு மண்டைக்குக் கிண்டைக்குச் சரியில்லையா?"

"அவரு நல்லாத்தான் இருக்காரு" என்று சொல்லி, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன்.